புறநகருக்குக் குடிபோகலாமா? வீட்டில் வண்டி ஓட்டாதவரைக் கேளுங்கள்

புறநகரில் வீடு பார்க்கப் போகிறவர்கள் பெரும்பாலும் விடுமுறை நாள் காலையில்தான் போகிறார்கள். சாலை காலியாக இருக்கும், காற்று நன்றாக இருக்கும், இப்போது கொடுக்கிற வாடகைக்கே ஓர் அறை கூடுதலாகக் கிடைக்கும். புதன்கிழமை மாலை வேலை முடிந்து திரும்பும்போது அதே ஊர் வேறு ஊராக இருக்கும். அந்தப் புதன்கிழமையை வைத்துத்தான் பெருநகரை ஒட்டிய துணை நகரங்களை எடைபோட வேண்டும்.

தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடலாம். வாரத்தில் இரண்டு மூன்று நாள் மட்டும் பெருநகருக்கு வேலைக்குப் போகிறவர்களுக்குப் புறநகர் நல்ல ஏற்பாடு, ஒரு நிபந்தனையோடு: வீட்டில் வண்டி ஓட்டாத ஒவ்வொருவரும், அதாவது பன்னிரண்டு வயதுப் பிள்ளையும் எழுபது வயதுப் பெரியவரும், யாரையும் எதிர்பார்க்காமல் வெளியே போய்வர முடிய வேண்டும். இந்த நிபந்தனை நிறைவேறாத இடத்தில் வீடு எவ்வளவு பெரியதாக இருந்தாலும் வேண்டாம்.

எல்லோரும் முதலில் கேட்பது பயண நேரம் என்பதால் அதிலிருந்தே தொடங்கலாம். ‘நகர மையத்துக்கு 32 நிமிடம்’ என்று விளம்பரம் சொன்னால், அது ரயிலுக்குள் உட்கார்ந்திருக்கும் நேரம் மட்டும். வீட்டு வாசலிலிருந்து வேலை மேசை வரை கூட்டிப் பாருங்கள்: நிலையத்துக்கு நடை 8, காத்திருப்பு 10, ரயில் 32, வண்டி மாறுவது 6, இறங்கி நடப்பது 9. மொத்தம் 65 நிமிடம். இப்போதைய வீட்டிலிருந்து 25 நிமிடம்தான் ஆகிறது என்றால் ஒரு வழிக்கு 40, ஒரு நாளைக்கு 80 நிமிடம் கூடுகிறது. வருடத்துக்கு 230 வேலை நாள் என்று வைத்தால் சுமார் 307 மணி நேரம். எட்டு மணி நேர வேலை நாளாக மாற்றினால் 38 நாள். வாரம் இரண்டு நாள் மட்டும் போகிறவருக்கு இதுவே 123 மணி நேரம், சுமார் 15 நாள். வீட்டிலிருந்தே வேலை செய்யும் சலுகை நாளை ரத்தானால் எந்தக் கணக்கு உங்களுக்குப் பொருந்தும் என்பதையும் இப்போதே யோசித்துவிடுங்கள். வாய்மொழியாகக் கிடைத்த சலுகையை நம்பி வீட்டை மாற்றக் கூடாது.

காத்திருப்பு நேரத்தில்தான் பலருடைய கணக்கு தவறுகிறது. 20 நிமிடத்துக்கு ஒரு பேருந்து என்றால் சராசரியாக 10 நிமிடம் நிற்க வேண்டியிருக்கும் என்று நினைக்கிறோம். பேருந்துகள் சீராக வந்தால் அது சரி. ஆனால் நெரிசலில் அவை ஒன்றன் பின்னால் ஒன்றாக ஒட்டிக்கொண்டு வரும். முதல் இடைவெளி 5 நிமிடம், அடுத்தது 35 நிமிடம் என்று மாறி மாறி வந்தால் சராசரி இடைவெளி என்னவோ அதே 20தான். நிறுத்தத்தில் நிற்பவரின் சராசரிக் காத்திருப்பு மட்டும் 15½ நிமிடத்தைத் தாண்டிவிடுகிறது. காரணம் எளிது: நீண்ட இடைவெளியில்தான் அதிகம் பேர் வந்து மாட்டிக்கொள்கிறார்கள். ஆகவே கால அட்டவணையை நம்பாமல், நெரிசல் நேரத்தில் ஒரு மணி நேரம் நிறுத்தத்தில் நின்று ஒவ்வொரு வண்டியும் வந்த நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள்.

சோதனைப் பயணத்தை ஐந்து வேலை நாளும் இரு வழியிலும் செய்து பார்ப்பது நல்லது. கிடைக்கும் பத்து எண்களைச் சிறியதிலிருந்து பெரியதாக வரிசைப்படுத்தி, ஒன்பதாவது எண்ணை எடுத்துக்கொள்ளுங்கள். சராசரியை நம்பிக் கிளம்புகிறவர் ஏறக்குறைய பாதி நாள் தாமதமாகத்தான் போய்ச் சேருவார். அந்த ஒன்பதாவது எண்ணை வைத்துத்தான் காலையில் எத்தனை மணிக்கு எழ வேண்டும் என்பது முடிவாகும். ஒரு நாள் வேண்டுமென்றே ஒரு வண்டியைத் தவறவிட்டுப் பாருங்கள். அடுத்தது எட்டு நிமிடத்தில் வந்தால் அந்த வழித்தடத்தை நம்பலாம். நாற்பது நிமிடம் ஆனால் வாழ்க்கை முழுவதும் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே ஓட வேண்டியதுதான். இரவுக் கடைசி வண்டி எத்தனை மணிக்கு என்பதும், அதையும் விட்டுவிட்டால் வீடு சேர என்ன வழி என்பதும் கையில் இருக்க வேண்டிய தகவல்கள்.

‘போகப் போகப் பழகிவிடும்’ என்ற ஆறுதலை அவ்வளவாக நம்ப முடியாது. இத்தாலிய இயற்பியலாளர் செசாரே மார்க்கெட்டி 1994-இல் எழுதிய கட்டுரையில், மனிதர்கள் அன்றாடப் பயணத்துக்கு ஒதுக்கும் நேரம் நாளுக்கு ஒரு மணி நேரத்தைச் சுற்றியே நிற்கிறது என்றும், வாகனம் வேகமாகும்போது நேரம் குறைவதில்லை, தூரம்தான் நீள்கிறது என்றும் காட்டினார். நமக்கு இயல்பாகத் தாங்கும் அளவு அதுதான் போலும். பொருளியலாளர்கள் அலோயிஸ் ஸ்டட்சரும் புரூனோ பிரையும் ஜெர்மானியக் குடும்பங்களின் தரவுகளை ஆராய்ந்து 2008-இல் வெளியிட்ட முடிவு இன்னும் நேரடியானது. பெரிய வீடோ நல்ல சம்பளமோ நீண்ட பயணத்துக்கு ஈடு செய்கிறது என்றால், தூரத்திலிருந்து வருகிறவர்களும் மற்றவர்கள் அளவுக்கு மனநிறைவோடு இருக்க வேண்டும். அப்படி இல்லை, பயணம் நீள நீள மனநிறைவு குறைந்தது.

‘புதுச் சாலை வருகிறது, அதன்பின் பயணம் பாதியாகிவிடும்’ என்பது விற்பவர்கள் சொல்லும் அடுத்த வாக்குறுதி. கில்ஸ் டுரான்டனும் மேத்யூ டர்னரும் 2011-இல் அமெரிக்க நகரங்களை வைத்துக் கண்டது, நெடுஞ்சாலை எவ்வளவு கூடியதோ ஏறக்குறைய அதே விகிதத்தில் வண்டி ஓட்டமும் கூடியது என்பதுதான். இன்று ஓடுகிற வண்டியை மட்டும் கணக்கில் எடுங்கள். அடிக்கல் நாட்டிய ரயில் பாதைக்கு மதிப்பெண் கிடையாது.

இனி வண்டி ஓட்டாதவர் பக்கம் வருவோம். வேலைக்குப் போகிறவர் புறநகரில் தூங்கி எழுகிறார். நாள் முழுக்க அங்கே இருப்பவர் அதில் வாழ்கிறார். வீடு தேடும்போது மட்டும் முன்னவர் பேச்சுதான் எடுபடுகிறது.

ஆரோக்கியமானவர் பத்து நிமிடத்தில் 800 மீட்டர் நடப்பார். முதியவருக்கு அதே தூரம் 16 நிமிடமும் ஆகலாம். வீட்டைச் சுற்றி இந்த 800 மீட்டர் வட்டத்துக்குள் மளிகைக் கடை, மருந்துக் கடை, பொது மருத்துவர், பேருந்து நிறுத்தம், உட்கார நிழலுள்ள ஓர் இடம் ஆகிய ஐந்தும் இருக்க வேண்டும். நான்கு இருந்தால் சமாளிக்கலாம். இரண்டுதான் என்றால் அந்த வீட்டுக்கு ஒரு நிரந்தர ஓட்டுநர் தேவைப்படுவார். அது குடும்பத்தில் ஒருவராகத்தான் இருக்கும்.

வட்டத்தை வரைபடத்தில் நேர்கோட்டில் அளக்காதீர்கள். முட்டுச் சந்துகளாகவும் மதில் சூழ்ந்த குடியிருப்புகளாகவும் கட்டிய இடங்களில், கண்ணுக்குத் தெரிகிற 400 மீட்டர்க் கடைக்கு 1,200 மீட்டர் சுற்ற வேண்டிவரும். நடக்கும் தூரத்தை நேர்தூரத்தால் வகுத்துப் பாருங்கள். 1.5-ஐத் தாண்டினால் அந்த இடம் காருக்காகப் போட்ட இடம்.

சாலையைக் கடப்பது தனிப் பரீட்சை. பல நாடுகளில் நடப்பவருக்கான பச்சை விளக்கு, நொடிக்கு 1.2 மீட்டர் வேகத்தில் நடப்பார் என்ற கணக்கில் வைக்கப்பட்டது. இங்கிலாந்தில் 65 வயதைக் கடந்தவர்களிடம் அளந்தபோது ஆண்களுக்குச் சுமார் 0.9, பெண்களுக்குச் சுமார் 0.8 மீட்டர்தான் வந்தது. நான்கு தடச் சாலையின் அகலம் 14 மீட்டர் என்றால் விளக்கு கொடுப்பது ஏறக்குறைய 12 நொடி. அந்த வயதுப் பெண்மணிக்கு வேண்டியதோ 17½ நொடி. கடை எதிர்ப்புறம் இருந்தும் போக முடியாமல் ஆவது இதனால்தான். நடுவில் நின்று கடக்கத் திட்டு இருக்கிறதா என்று பாருங்கள்.

மருத்துவமனை எவ்வளவு தூரம் என்பதைக் கிலோமீட்டரில் கேட்பதால் பயன் இல்லை. இதயம் நின்றவருக்கு உடனே மார்பழுத்தமும் மின்னதிர்வும் கிடைக்காவிட்டால் பிழைக்கும் வாய்ப்பு நிமிடத்துக்கு 7 முதல் 10 விழுக்காடு குறைகிறது. பக்கவாதத்தில் இரத்தக்கட்டியைக் கரைக்கும் மருந்தை 4½ மணி நேரத்துக்குள் கொடுக்க வேண்டும். அந்தச் சிகிச்சை பக்கத்து மருத்துவமனையில் இரவிலும் உண்டா, இல்லையென்றால் எங்கே அனுப்புவார்கள், நெரிசல் நேரத்தில் அங்கே போக எத்தனை நிமிடம் என்று கேட்டு எழுதிவையுங்கள். வீட்டில் இதய நோயாளி இருந்தால் மற்ற எதையும் பார்ப்பதற்கு முன் இதைப் பாருங்கள்.

ஒரே காலத்தில் கட்டி ஒரே வயதினர் குடியேறிய ஊருக்கு இன்னொரு சிக்கல் உண்டு. டோக்கியோவின் மேற்கே உள்ள டாமா புதுநகரில் 1971-இல் குடியேற்றம் தொடங்கியது. இளம் குடும்பங்கள் ஒன்றாக வந்தன, ஒன்றாக மூத்தன. பிள்ளைகள் குறைந்து பள்ளிகள் மூடப்பட்டன. மின்தூக்கி இல்லாத ஐந்து மாடிக் கட்டடங்களில் முதியவர்கள் படியேறித் திணறினார்கள். ஸ்டாக்ஹோமின் புறநகரான வெலிங்பியை 1954-இல் திறந்தபோது வேலை, வீடு, மையம் மூன்றும் ஒரே இடத்தில் என்பதுதான் திட்டம். மையமும் ரயிலும் நன்றாக அமைந்தன, வேலைக்கு மட்டும் பெரும்பாலோர் வெளியேதான் போனார்கள். ‘இங்கேயே வேலைவாய்ப்பு வரும்’ என்று சொல்லும் ஊரில், உங்கள் துறையில் இன்று எத்தனை நிறுவனங்கள் ஆள் எடுக்கின்றன என்று எண்ணிப் பாருங்கள். பள்ளி முடியும் நேரத்தில் வாசலில் போய் நின்றால் ஊரின் வயதும் தெரிந்துவிடும்.

பணக் கணக்கை வாடகையோடு நிறுத்தக் கூடாது. வீட்டுச் செலவு வருமானத்தில் 30 விழுக்காட்டுக்குள் என்ற பழைய அளவுகோல் போக்குவரத்தைக் கண்டுகொள்வதில்லை. வீடும் போக்குவரத்தும் சேர்ந்து 45 விழுக்காட்டுக்குள் என்ற அளவுகோல்தான் புறநகருக்குப் பொருந்தும். எல்லோரும் மறப்பது இரண்டாவது வண்டியை. ஒருவர் வண்டியோடு வேலைக்குப் போய்விட்டால் வீட்டில் இருப்பவருக்கு இன்னொன்று தேவைப்படுகிறது. அதன் தவணை, காப்பீடு, எரிபொருள், பராமரிப்பு, நிலையத்தில் நிறுத்தக் கட்டணம் எல்லாம் சேர்ந்து வாடகையில் மிச்சப்பட்டதை விழுங்கிவிடும். பெரிய வீட்டின் மின்கட்டணமும் பெரியது.

தண்ணீரைப் பற்றிக் கேட்கக் கோடையின் கடைசியில் போங்கள். குழாய் நீரா, நிலத்தடி நீரா, எத்தனை மணி நேரம் வருகிறது, அக்கம்பக்கத்தில் லாரித் தண்ணீர் வாங்குகிறார்களா? கரைந்த உப்பின் அளவு லிட்டருக்கு 600 மில்லிகிராமுக்குக் கீழே இருந்தால் குடிக்க நன்றாக இருக்கும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். 1,000-ஐத் தாண்டினால் சுவை கெட்டுவிடும், சுடுநீர்க் கருவியிலும் உப்புப் படியும். பாதாளச் சாக்கடை இல்லாமல் கழிவுநீர்த் தொட்டி என்றால் 3 முதல் 5 ஆண்டுக்கு ஒருமுறை அள்ள வேண்டும். கடைசியாக எப்போது அள்ளினார்கள், வண்டி சந்துக்குள் நுழையுமா என்று கேளுங்கள்.

வெள்ளத்துக்கு, பழைய வரைபடத்தில் அந்த மனை என்னவாக இருந்தது என்று தேடுங்கள். தரைத்தளச் சுவர்களில் ஒரே உயரத்தில் ஓடும் கறையும், வாசற்படியைவிட உயர்ந்துவிட்ட சாலையும் அதைவிட நேர்மையான சாட்சிகள். ‘நூறு ஆண்டுக்கு ஒருமுறை வரும் வெள்ளம்’ என்பது ஆண்டுதோறும் ஒரு விழுக்காடு வாய்ப்பைக் குறிக்கும். 30 ஆண்டுக் கடன் முடிவதற்குள் அது ஒருமுறையாவது வரும் வாய்ப்பு 26 விழுக்காடு.

இணையத்துக்கு ஒரே ஒரு சோதனை போதும்: அதே கட்டடத்தில் இருப்பவரிடம் இரவு ஒன்பது மணிக்கு வேகம் அளந்து காட்டச் சொல்லுங்கள், குறிப்பாகப் பதிவேற்ற வேகத்தை. தெளிவான ஒரு வீடியோ அழைப்புக்கு நொடிக்கு 3 முதல் 4 மெகாபிட் வேண்டும். இருவர் வேலையும் ஒரு பிள்ளையின் பாடமும் சேர்ந்தால் மூன்று மடங்கு.

இவை எல்லாம் சரியாக இருந்தாலும் முதலிலேயே வாங்கிவிட வேண்டாம். மூன்று மாதமாவது வாடகைக்கு இருங்கள். அந்த மூன்று மாதத்தில் ஊரின் மோசமான பருவம், அது மழையோ பனியோ வெயிலோ, உள்ளே வர வேண்டும். சொந்த வீடு இருந்தால் அதுவரை விற்காதீர்கள். பெருநகரில் விலை வேகமாக ஏறினால், விற்றுவிட்டுப் போனவர் அதே தெருவுக்குத் திரும்ப முடியாது. பள்ளிச் சேர்க்கைக்கான கடைசித் தேதியையும், முகவரி எந்தப் பள்ளியின் எல்லைக்குள் வருகிறது என்பதையும் குடிபோவதற்கு முன்பே தெரிந்துகொள்ளுங்கள். சாலைக்கு அப்பால் வேறு பள்ளி எல்லையாக இருப்பது சாதாரணம். வாடகை ஒப்பந்தத்தில் காலி செய்வதற்கான முன்னறிவிப்பு ஒரு மாதத்துக்கு மேல் இருக்கக் கூடாது என்று எழுதி வாங்குங்கள்.

அந்த மூன்று மாதமும் சமையலறை நாட்காட்டியில் ஒரே ஒரு கணக்கு வையுங்கள். வண்டி ஓட்டாதவர் யாரிடமும் கேட்காமல் தனியே வெளியே போய்வந்த நாளெல்லாம் ஒரு புள்ளி. முதல் மாதம் விட்டுவிடுங்கள், புது ஊர் தயக்கம் இருக்கும். மூன்றாம் மாதத்திலும் வாரத்துக்கு மூன்று புள்ளிக்குக் கீழே இருந்தால் ஒப்பந்தத்தை நீட்டிக்காதீர்கள்.