அம்மாவின் கைநாட்டை வாங்கிக்கொண்டு போனவர்

இலங்கை மலைநாட்டில், ஹப்புத்தளையில் எங்களுக்கு ஒரு சின்ன வீடு இருக்கிறது. 14 பேர்ச்சஸ் காணி. அப்பா தோட்டத்தில் கணக்கப்பிள்ளையாக இருந்து ஓய்வு பெற்றபோது கிடைத்த சேமலாப நிதிக் காசு முழுவதையும் போட்டு வாங்கியது. லயத்துக் காம்பராவில், அதாவது தோட்டத்து வரிசை வீட்டில், பிறந்து வளர்ந்த மனுசர். தன் பெயரில் உறுதி, அதாவது காணிப் பத்திரம், கைக்கு வந்த அன்று அதைச் சாமிப் படத்துக்கு முன்னால் வைத்துக் கும்பிட்டார். அந்த உறுதியைத்தான் நான் என் கையாலேயே ஒரு ஏமாற்றுக்காரரிடம் எடுத்துக் கொடுத்தேன்.

அப்பா 2014இல் போனார். மரணசாசனம் (உயில்) எதுவும் எழுதி வைக்கவில்லை. வீட்டில் அம்மாவும் நானும்தான். அண்ணன் கொழும்பில் கடையில் வேலை. அக்கா 1982இல் கல்யாணமாகி, மாப்பிள்ளை குடும்பத்தோடு தலைமன்னாரில் கப்பலேறி இந்தியாவுக்குப் போனவர், இப்போது கோத்தகிரியில் இருக்கிறார். அப்பா போய் ஏழு வருசம் வரைக்கும் வீடு யார் பெயரில் இருக்கிறது என்று நாங்கள் யோசிக்கவே இல்லை. வரி கட்டினோம், கரண்ட் பில் கட்டினோம், இருந்தோம்.

2021இல் தெரிந்த ஒருவர் மூலமாக அந்த ஆள் வந்தார். ஒரு சட்டத்தரணியிடம் கிளார்க்காக இருப்பதாகச் சொன்னார். நல்ல தமிழ், நல்ல பேச்சு, என்னை டீச்சர் என்றும் அம்மாவை அம்மா என்றும்தான் கூப்பிடுவார். "டீச்சர், அப்பா பெயரில் இருக்கிறதை அம்மா பெயருக்கு மாற்றிவிட்டால் போதும், ரெண்டு மாசத்து வேலை" என்றார். அக்காவைப் பற்றிக் கேட்டேன். "அவங்க இந்தியாவுக்குப் போயிட்டாங்கதானே, அவங்களுக்கு இங்க பங்கு கிடையாது, பெயரைப் போட்டா சிக்கல்தான் வரும்" என்றார். நான் நம்பினேன். மூன்று தடவையாக 1,85,000 ரூபாய் கொடுத்தேன். ஒரு ரசீதும் இல்லை. அப்பாவின் உறுதி, நில அளவைப் பிளான், மரணச் சான்றிதழ் மூன்றையும் ஒரிஜினலாகவே வாங்கிக்கொண்டு போனார்.

அப்புறம் ஒரு ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வந்தார். எங்கள் சாப்பாட்டு மேசையில் பேப்பர்களை விரித்தார். எல்லாம் சிங்களத்தில் இருந்தது. சாட்சிக்காரர் இருவரின் கையெழுத்தும் ஏற்கெனவே போடப்பட்டிருந்தது, ஆனால் அந்த இருவரையும் நாங்கள் பார்த்ததே இல்லை. உறுதியை அத்தாட்சிப்படுத்த வேண்டிய நொத்தாரிஸும் வரவில்லை. அம்மா அப்போதுதான் அடுப்படியில் மாவு பிசைந்துகொண்டிருந்தார். கையைக் கழுவிச் சேலையில் துடைத்துவிட்டு வந்தார். அந்த ஆள் அம்மாவின் பெருவிரலைப் பிடித்து நீல மையில் அழுத்தி, ஒவ்வொரு பேப்பராகத் திருப்பித் திருப்பி வைத்து எடுத்தார். என்ன எழுதியிருக்கிறது என்று அம்மா கேட்டார். "வீடு உங்க பெயருக்கு வருது அம்மா, அவ்வளவுதான்" என்றார். நான் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். அம்மாவின் நகக்கண்ணில் அந்த மை நாலு நாள் இருந்தது.

ஆறு மாசத்துக்குப் பிறகு ஒரு கட்டுப் பேப்பர் தந்தார், சிவப்பு முத்திரை எல்லாம் இருந்தது. வேலை முடிந்தது என்று நினைத்து அலுமாரியில் வைத்துப் பூட்டினேன்.

உண்மை தெரிய வந்தது 2023இல். கூரைத் தகரம் உக்கிப்போய் மழைக்கு ஒழுகியது, வங்கியில் கடன் கேட்டுப் போனோம். வங்கியின் சட்டத்தரணி காணிப் பதிவகத்தில் இருந்து 30 வருசத்துப் பதிவுப் பிரதிகளைக் கேட்டார். சிங்களத்தில் 'பத் இரு' என்று சொல்வார்களே, அதுதான். பதுளைக்குப் பஸ்ஸில் போய், விண்ணப்பம் கொடுத்து, இரண்டு நாள் அலைந்து எடுத்தேன். அப்பாவின் காணிக்கான பக்கத்தில் கடைசிப் பதிவாக அப்பாவின் பெயர்தான் இருந்தது. அம்மாவின் பெயர் அதில் எங்குமே இல்லை. "வேற ஃபோலியோ ஒன்று திறந்திருக்காங்க" என்று அந்தக் கந்தோரில் இருந்த அம்மணி பொறுமையாகத் தேடிக் காட்டினார். அவருக்கு நான் நன்றி சொல்ல வேண்டும்.

அந்தப் புதிய பக்கத்தில் இருந்தது ஒரு பிரகடன உறுதி. அப்பாவின் உறுதியைப் பற்றி ஒரு வார்த்தைகூட அதில் இல்லை. அம்மா தனியாகப் பத்து வருசத்துக்கு மேல் இந்தக் காணியை ஆண்டு வருகிறார், அதனால் அவருக்கே சொந்தம் என்று அம்மாவே சொல்வது போல எழுதியிருந்தது. அதைவிடப் பெரிய அடி இன்னொரு பேப்பர். எங்களுக்கு முகமே தெரியாத ஒருவருக்கு இந்த வீட்டை விற்க, ஈடு வைக்க, குத்தகைக்குக் கொடுக்க அதிகாரம் தரும் அற்றோணித் தத்துவம். அதிலும் அம்மாவின் கைநாட்டு. அந்த மேசையில் திருப்பித் திருப்பி வைத்த பேப்பர்களில் அதுவும் ஒன்று.

பண்டாரவளையில் ஒரு சட்டத்தரணி அம்மா எங்களை உட்கார வைத்து விளக்கமாகச் சொன்னார். அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன், மலைநாட்டில் நம் ஆட்கள் பலருக்கும் இது தெரியாது. நமக்கு யாழ்ப்பாணத் தமிழருக்கான தேசவழமையும் இல்லை, கண்டிச் சிங்களவருக்கான கண்டியச் சட்டமும் இல்லை, பொதுச் சட்டம்தான். 1876ஆம் ஆண்டுச் சட்டப்படி, மரணசாசனம் இல்லாமல் ஒருவர் இறந்தால் சொத்தில் பாதி மனைவிக்கு, மற்றப் பாதி பிள்ளைகளுக்குச் சமமாக. அப்படியென்றால் எங்கள் வீட்டில் பாதி அம்மாவுக்கு, எங்கள் மூவருக்கும் ஆறில் ஒரு பங்கு. இந்தியாவுக்குப் போனதால் அக்காவின் பங்கு எங்கும் போய்விடாது. அவரை ஒளித்து எழுதும் எந்த உறுதியும் பின்னால் வழக்காகத்தான் வரும். 'பெயர் மாற்றுவது' என்று தனியாக ஒன்று இல்லை. மாவட்ட நீதிமன்றத்தில் மரணசாசன வழக்குப் போட்டு (மரணசாசனம் இல்லாவிட்டாலும் அந்த வழக்குக்குப் பெயர் அதுதான்) இறந்தவரின் சொத்தை நிருவகிக்கும் அதிகாரத்தை எடுப்பது முறையான வழி. சின்ன ஆதனம் என்றால் வாரிசுகள் எல்லோரும் சேர்ந்து உறுதி முடிக்கவும் வழி இருக்கிறது. எது பொருந்தும் என்று சட்டத்தரணிதான் பார்த்துச் சொல்ல வேண்டும், தரகர் அல்ல.

இன்னொன்றும் சொன்னார், அதைக் கேட்டபோதுதான் எனக்கு அழுகை வந்தது. 1840ஆம் ஆண்டிலிருந்தே இருக்கிற சட்டமாம். காணி உறுதியில் கையெழுத்துப் போடும்போது நொத்தாரிஸும் இரண்டு சாட்சிகளும் ஒரே நேரத்தில், ஒரே இடத்தில் இருக்க வேண்டும். எழுதியதை, போடுபவருக்கு விளங்கும் மொழியில் வாசித்துச் சொல்ல வேண்டும். எங்கள் மேசையில் இதில் ஒன்றுமே நடக்கவில்லை. நொத்தாரிஸ் எங்கே என்று அன்றைக்கு ஒரு கேள்வி நான் கேட்டிருந்தால் அந்த ஆள் எழுந்து போயிருப்பார்.

முதலில் அந்த அற்றோணித் தத்துவத்தை ரத்துச் செய்து, அந்த ரத்தையும் பதிவு செய்தோம். நல்ல வேளை, அதற்குள் விற்பனை எதுவும் நடக்கவில்லை. காணிப் பக்கத்தில் ஆட்சேபனை அறிவித்தல் போட்டோம், இனி யாராவது ஏதாவது பதியப் போனால் நமக்கு அறிவித்தல் வரும். பொலிஸில் முறைப்பாடு கொடுத்தோம். அந்த ஆளின் போன் அதற்கு முன்னமே நின்றுவிட்டது. அவர் சொன்ன சட்டத்தரணியிடம் போய்க் கேட்டால், அப்படி ஒருவர் தன்னிடம் வேலை செய்யவே இல்லை என்றார். அந்தப் பேப்பர்களில் முத்திரை குத்திய நொத்தாரிஸ் மீது பதிவாளர் நாயகம் திணைக்களத்துக்கும் எழுதியிருக்கிறோம்.

அப்பாவின் உறுதி ஒரிஜினல் இன்னும் திரும்பி வரவில்லை. ஆனால் உறுதி தொலைந்தால் காணியே தொலைந்தது என்று பயப்படத் தேவையில்லை. உறுதியின் இரண்டாம் பிரதி காணிப் பதிவகத்தில் இருக்கும், அதற்கு அத்தாட்சிப்படுத்திய பிரதி எடுக்கலாம். நாங்கள் எடுத்துவிட்டோம். சட்டத்தரணிக்குக் கொடுக்க வசதி இல்லாதவர்கள் சட்ட உதவி ஆணைக்குழுவுக்குப் போங்கள், வருமானத்தைப் பார்த்து உதவுவார்கள்.

இப்போது மரணசாசன வழக்கு நடக்கிறது. பெயர்களால்தான் இழுபடுகிறது. அப்பாவின் பெயர் உறுதியில் ஒரு மாதிரி, அடையாள அட்டையில் ஒரு மாதிரி, தோட்டத்தில் பதிந்த என் பிறப்புச் சான்றிதழில் வேறு மாதிரி. எல்லாம் ஒரே ஆள்தான் என்று சத்தியக் கடதாசி முடிக்க வேண்டியிருந்தது. தோட்டத்தில் பிறந்தவர்கள் வீட்டில் பெரியவர்கள் இருக்கும்போதே இந்தப் பெயர்களைச் சரி பார்த்து வையுங்கள்.

வழக்குக்கு வேண்டிய அக்காவின் பத்திரம் சென்னையில் நம் துணை உயர் ஸ்தானிகராலயம் மூலமாகப் போன வாரம் வந்து சேர்ந்தது. "இத்தனை வருசத்துக்குப் பிறகு எனக்கு என்னத்துக்குடி பங்கு, அம்மா இருக்கட்டும்" என்று போனில் சொன்னார். ஆனாலும் அவர் பெயரைப் போட்டுத்தான் கொடுத்திருக்கிறோம். அடுத்த தவணைக்கு அம்மாவும் வர வேண்டுமாம். நீதிமன்றப் படி ஏற அவருக்கு முழங்கால் விடாது, ஓட்டோவுக்குச் சொல்லி வைத்திருக்கிறேன்.