பின் ஆக்சில் சத்தமும் கிரீஸ் நிப்பிள் வைத்த கிராஸும்: கடலூர்–புதுச்சேரி சாலையில் என் அனுபவம்

கடலோரத்தில் ஓடுகிற வண்டியின் புரொப்பெல்லர் ஷாஃப்டுக்கு, கிரீஸ் ஏற்றும் சிறு முனையான நிப்பிள் வைத்த கிராஸ் என்ற இணைப்புதான் சரி. பெஞ்சல் புயலுக்குப் பிறகு மாட்டியது, அடுத்த மழைக்காலத்தையும் தாண்டி இன்றுவரை சத்தமில்லாமல் உழைக்கிறது. அதை மாட்டும் நிலை ஏன் வந்தது, பிரிக்கத் தேவையில்லாத ஆக்சில் எப்படித் தப்பியது என்பதையும் சேர்த்தே எழுதுகிறேன்.

என்னுடையது ஏழு பேர் உட்காரும் டீசல் வண்டி. இன்ஜின் முன்னால், இழுவை பின்சக்கரங்களில். கியர்பாக்ஸிலிருந்து கிளம்பும் நீளமான புரொப்பெல்லர் ஷாஃப்ட், பின் ஆக்சிலின் நடுவில் பினியன் என்ற சிறிய பல்சக்கரம் வழியாகக் கிரவுன் என்ற பெரிய பல்சக்கரத்தைச் சுழற்றுகிறது. ஷாஃப்டின் இரு முனையிலும் கூட்டல் குறி வடிவத்தில் இருக்கும் இணைப்பைத்தான் பட்டறைகளில் கிராஸ் என்கிறார்கள். மஞ்சக்குப்பத்தில் வீடு, புதுச்சேரியில் வேலை. ஆல்பேட்டை, ரெட்டிச்சாவடி, கன்னியகோயில், கிருமாம்பாக்கம், தவளக்குப்பம் என்று வேகத்தடையும் சிக்னலும் நிறைந்த சாலை. கியரும் கிளட்சும் ஓயாமல் வேலை செய்யும் இந்த மாதிரி ஓட்டத்தில் கிராஸுக்குத்தான் அடி அதிகம்.

2024 நவம்பர் 30 இரவு பெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரை கடந்தது. புதுச்சேரியில் ஒரே நாளில் 45 செ.மீ.க்கு மேல் மழை. அடுத்தடுத்த நாட்களில் சாத்தனூர் அணையிலிருந்து திறந்துவிட்ட தண்ணீர் தென்பெண்ணையில் வந்து கடலூரின் தாழ்வான பகுதிகளைச் சூழ்ந்தது. வண்டியை மேட்டுக்குக் கொண்டுபோக, ஆக்சில் முழுகும் தண்ணீரில் ஓட்டியாக வேண்டியிருந்தது. சில வாரங்கள் கழித்துத்தான் சத்தம் தொடங்கியது.

முதலில் ரிவர்ஸ் போடும்போது ஒரே ஒரு 'டக்'. பிறகு முதல் கியரில் கிளம்பும்போதும் அதே. நாளடைவில், நடந்து போகும் வேகத்தில் வண்டி உருளும்போது பின்னாலிருந்து 'டிக்டிக்டிக்' என்று விரைவான உலோகச் சத்தம். வேகம் 40ஐத் தாண்டினால் காதில் விழாது. பின் இருக்கையில் உட்கார்ந்திருந்த அம்மாவுக்குத்தான் முதலில் கேட்டது, அதுவும் சரியாகக் காலடியிலிருந்து.

நான் முதலில் காட்டிய பட்டறையில் வண்டியை ஒரு சுற்று ஓட்டிப் பார்த்துவிட்டு, "கிரவுனும் பினியனும் போய்விட்டன, மொத்தமாக இறக்க வேண்டும், 30,000 ரூபாயைத் தாண்டும்" என்றார்கள். வண்டியைத் தூக்கிக்கூடப் பார்க்கவில்லை. ஆக்சிலைப் பிரித்தால் பினியன் பேரிங்கின் இறுக்கம், பற்களுக்கு இடையிலான இடைவெளி எல்லாவற்றையும் புதிதாக அமைக்க வேண்டும். அதில் கை சுத்தம் இல்லாவிட்டால், நன்றாக இருந்த கிரவுன்கூட ஊளையிடத் தொடங்கிவிடும். அடியில் எட்டிக்கூடப் பார்க்காமல் இவ்வளவு பெரிய வேலையைச் சொல்வது எனக்குப் பொறுக்கவில்லை. வண்டியை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

செம்மண்டலம் பக்கம், லாரிகளுக்கு ஷாஃப்ட் வேலை பார்க்கும் பெரியவர் ஒருவரைத் தெரிந்தவர்கள் சொன்னார்கள். அவர் வண்டியைப் பார்க்கும் முன்பே கேட்ட கேள்வி: "சக்கரம் ஒரு சுற்று வரும்போது ஒரு சத்தமா, பல சத்தமா சார்?"

"எப்படி அண்ணே கண்டுபிடிப்பது?"

"ஸ்டாண்ட் வைத்து ஒரு பக்கம் தூக்கினால் கணக்கு மாறிவிடும். தரையிலேயே, நான் பக்கத்தில் நடந்து வருகிறேன், நீங்கள் மெதுவாக உருட்டுங்கள்."

டயரின் பக்கவாட்டில் சாக்பீஸால் ஒரு கோடு போட்டார். கோடு ஒருமுறை கீழே வந்து போவதற்குள் சத்தம் பலமுறை கேட்டது. அதிலேயே பாதி முடிவு தெரிந்துவிட்டது. என் வண்டி டயரின் சுற்றளவு ஏறக்குறைய 2 மீட்டர். 20 கி.மீ. வேகத்தில் சக்கரம் நொடிக்கு 3 சுற்றுக்குச் சற்றுக் குறைவாகச் சுழலும். கிரவுன் விகிதம், அதாவது சக்கரம் ஒரு சுற்று வர ஷாஃப்ட் போகும் சுற்று, 4 என்று வைத்துக்கொண்டால், அதே நொடியில் ஷாஃப்ட் 11 சுற்று போகும். ஆகவே சுற்றுக்கு ஒன்று என்று நிதானமாக வரும் சத்தம் சக்கரத்தின் பக்கம்: டயர் இடுக்கில் சிக்கிய ஜல்லி, தளர்ந்த வீல் நட், வீல் கப், பிரேக் டிரம். படபடவென்று வருவது ஷாஃப்டின் பக்கம். இந்த ஒரு கணக்கைச் செய்யாமல் யாரையும் ஸ்பேனரைத் தொட விடாதீர்கள் என்று எல்லோருக்கும் சொல்லி வருகிறேன்.

அடுத்து வண்டியைப் பள்ளத்தின் மேல் நிறுத்தி, முன்சக்கரங்களுக்குக் கட்டை வைத்து, நியூட்ரலில் போட்டு, ஹேண்ட்பிரேக்கை இழுத்தோம். அவர் கீழே இறங்கி ஷாஃப்டை இரண்டு கைகளாலும் பிடித்து முன்னும் பின்னும் திருகினார். டார்ச் அடித்து என்னையும் பார்க்கச் சொன்னார். ஷாஃப்டோடு சேர்ந்து, அது மாட்டியிருக்கும் பினியனின் தட்டான ஃபிளாஞ்சும் ஆடினால் ஆட்டம் கிரவுனுக்குள். அங்கே கொஞ்சம் ஆட்டம் இருப்பது இயல்பு, பற்களுக்கு இடைவெளி வேண்டுமே. ஃபிளாஞ்ச் அசையாமல் நிற்க, ஷாஃப்டின் முனை மட்டும் 'டக் டக்' என்று ஆடினால் கிராஸ் போய்விட்டது. என் வண்டியில் ஃபிளாஞ்ச் மயிரிழைகூட அசையவில்லை. கிராஸின் நான்கு கைகளையும் மூடியிருக்கும் பேரிங் கப்புகளில் இரண்டைச் சுற்றிச் செங்கல் நிறத்தில் தூள் படிந்திருந்தது. விரலால் தொட்டால் மாவாக ஒட்டியது. கிரீஸ் தீர்ந்து, உள்ளே துரு ஏறி அரைபட்டதற்கு அதைவிடச் சாட்சி வேண்டியதில்லை.

கழற்றும் முன் ஷாஃப்டிலும் ஃபிளாஞ்சிலும் உளியால் ஒரே நேர்கோட்டில் குறி வைத்தார். திரும்ப அதே நிலையில் பொருத்தாவிட்டால் வேகத்தில் அதிர்வு வரும். கப்புகளைப் பிடித்திருக்கும் லாக்கைக் கழற்றி, கப்பைச் சுத்தியலால் அடிக்காமல் வைஸில் வைத்து அழுத்தி வெளியே எடுத்தார். உள்ளே இருந்த ஊசி உருளைகளில் சில உடைந்து துருப்பொடியாகிக் கிடந்தன. கிராஸின் கைகளை விரலால் தடவிப் பார்த்தேன். உருளைகள் பதிந்து பதிந்து, கொத்திய அம்மிபோல் சொரசொரத்தது. கிராஸின் கை கப்புக்குள் முழுச் சுற்று சுற்றுவதில்லை, சிறிய அளவில் முன்னும் பின்னும் அசைகிறது. உருளைகள் திரும்பத் திரும்ப ஒரே இடத்தில் அழுத்துவதால், கிரீஸ் போனவுடன் அங்கே பள்ளம் விழுகிறது. கம்பெனியில் போட்டது சீல் செய்த வகை. புதிதாக இருக்கும்வரை பராமரிப்பே வேண்டாம். ஆனால் சீல் வயதாகித் தண்ணீர் ஒருமுறை உள்ளே போய்விட்டால், அதை வெளியேற்ற வழியே கிடையாது.

ஆகவே நிப்பிள் உள்ள கிராஸைக் கேட்டு வாங்கினேன். ஷாஃப்ட் கீழே இறங்கியதுதான் இறங்கியது என்று முன்பக்கக் கிராஸையும் சேர்த்தே மாற்றினோம். இரண்டு கிராஸுக்கும் கூலிக்கும் சேர்த்து, நல்ல டயர் ஒன்றின் விலைகூட ஆகவில்லை. நிப்பிளுக்காக உள்ளே துளை போட்டிருப்பதால் இந்த வகை சற்று வலு குறைவு என்பது உண்மை. பாரம் ஏற்றிப் பாறைக்காட்டில் ஓட்டுகிறவர்கள் அதைக் கவனிக்கலாம். குடும்ப வண்டிக்கு அது பொருட்டே இல்லை.

கிரவுனையும் சும்மா விடவில்லை. சூடாக இருக்கும் ஆக்சில் திடீரென்று குளிர்ந்த தண்ணீரில் இறங்கும்போது உள்ளே இருக்கும் காற்று சுருங்கி, பிரீதர் என்ற காற்றுத்துளை வழியாகவோ சீல் வழியாகவோ தண்ணீரை உறிஞ்சிவிடும். ஆயிலை இறக்கியபோது பால் கலந்த காபி நிறத்தில் வந்தது. அப்படியே ஓட்டியிருந்தால் கிரவுன் உண்மையிலேயே போயிருக்கும். கையேட்டில் சொன்ன 80டபிள்யூ90 ஜி.எல்.5 ஆயிலைப் புதிதாக ஊற்றி, மண் அடைத்திருந்த பிரீதரைச் சுத்தம் செய்தோம்.

அன்றோடு சத்தம் நின்றது. ரிவர்ஸ் போட்டால் கிளட்ச் பிடிப்பது மட்டும்தான் தெரிகிறது. இடையில் பல மாதங்கள் கழித்து, வண்டி நிற்கும் தருவாயில் ஒரு 'டொக்' வந்தது. மீண்டும் கிராஸோ என்று மனம் பதறியது. ஆனால் அது ஷாஃப்டின் நீளம் கூடிக் குறைய உதவும் சறுக்குப் பல் பகுதி காய்ந்ததால் வந்தது. அங்கே உள்ள நிப்பிளில் அளவாகக் கிரீஸ் ஏற்றியதும் அடங்கிவிட்டது. அந்த இடத்தில் அளவுக்கு மீறி அடித்தால் ஷாஃப்ட் சுருங்க இடமில்லாமல் பேரிங்கைத் தள்ளும், எச்சரிக்கையாக இருங்கள். கிராஸில் அதற்கு நேர்மாறு: நான்கு கப்பிலிருந்தும் புதுக் கிரீஸ் பிதுங்கும்வரை அடிக்க வேண்டும். ஒரு கப்பில் மட்டும் வராவிட்டால் ஷாஃப்டை ஆட்டிக்கொண்டே அடித்தால் வந்துவிடும். லித்தியம் இ.பி. 2 வகைக் கிரீஸ் போதும். ஆயில் மாற்றும்போதெல்லாம் ஒருமுறை, தேங்கிய தண்ணீரில் ஓட்டிய வாரத்திலேயே கூடுதலாக ஒருமுறை, இதுதான் என் வழக்கம். சென்ற மழைக்காலத்தில் அப்படி அடித்தபோது முதலில் பிதுங்கிய பழைய கிரீஸ் சாம்பல் நிறத்தில் தண்ணீர் கலந்து வந்தது. சீல் செய்த கிராஸாக இருந்திருந்தால் அந்தத் தண்ணீர் உள்ளேயே தங்கியிருக்கும்.

முன்சக்கரங்கள் இழுக்கும் சிறிய கார் வைத்திருப்பவர்கள் இதைப் படித்துவிட்டுப் பின்னால் கிராஸைத் தேட வேண்டாம். அந்தக் கார்களின் பின் ஆக்சிலுக்கு விசையே போவதில்லை. அங்கே வரும் சத்தத்துக்கு ஹப் பேரிங், டிரம், ஷாக் அப்சார்பரின் புஷ், சுருள்வில் உட்காரும் இடம் என்று பார்க்க வேண்டும். முன்னோட்டத்திலிருந்து ரிவர்ஸுக்கோ ரிவர்ஸிலிருந்து முன்னோட்டத்துக்கோ மாற்றியபின் முதல்முறை பிரேக் பிடிக்கும்போது மட்டும் வரும் ஒற்றை 'டிக்', பெரும்பாலும் பிரேக் ஷூ இடம் மாறி உட்காருவது. அது கேடில்லை.

இப்போது ஃபிளாஞ்ச் ஓரத்தில் பினியன் ஆயில் சீல் லேசாகக் கசிகிறது. சொட்டு விழவில்லை, ஈரம் மட்டும். அதை மாற்றும்போது பினியன் நட் முன்பிருந்த அதே இறுக்கத்தில் நிற்க வேண்டும், இல்லாவிட்டால் பேரிங் போய்விடும். அதே பெரியவரிடம், ஐப்பசி மழைக்கு முன் செய்து தரச் சொல்லியிருக்கிறேன்.