பல குளிர்காலங்கள் கூட வந்த பனிச்சரிவு டிரான்சீவர்

சுவிட்சர்லாந்தின் டாவோஸ் மலைகளில், பராமரிக்கப்படும் தடங்களுக்கு வெளியே பனிச்சறுக்குக்குப் போகும்போதெல்லாம் மூன்று ஆன்டெனா கொண்ட இந்த டிரான்சீவரை மார்போடு வாரிட்டுக் கட்டிக்கொள்கிறேன். பனிச்சரிவில் புதைந்தவரைக் கண்டுபிடிக்க ரேடியோ சமிக்ஞையை அனுப்பவும், தேடும்போது பெறவும் செய்யும் கருவி இது. பல குளிர்காலங்களாக உழைக்கிறது. வாங்கத் தயங்குபவர்களுக்கு என் பதில்: தயங்காதீர்கள்.

எல்லா நிறுவனக் கருவிகளும் 457 கிலோஹெர்ட்ஸில்தான் இயங்குகின்றன. குழுவில் யார் எதை வைத்திருந்தாலும் தேட முடியும். ஆகவே கடையில் நான் பார்க்கச் சொல்வது பொத்தானை. தடித்த கையுறையோடு தேடல் நிலைக்கு மாற்ற முடிய வேண்டும். என்னுடையதில் முடிகிறது. திரையின் அம்புக்குறி நேராக அழைத்துப் போகாது. காந்தப்புலத்தின் வளைவை ஒட்டியே நடத்தும். முதன்முறை பயிற்சி செய்பவர்கள் இதில் குழம்பிப்போகிறார்கள். கடைசி மூன்று மீட்டரில் கருவியைப் பனிப்பரப்பை ஒட்டிப் பிடித்து, மெதுவாக நகர்த்த வேண்டும். திரையில் தூரத்தைக் காட்டும் எண் மிகக் குறைவாக இருக்கும் இடத்தில் துழாவுகோலை, அதாவது புதைந்தவரைத் தொட்டறிய உதவும் நீண்ட கோலை, இறக்க வேண்டும்.

குறைகளும் உண்டு. இருவர் அருகருகே புதைந்திருந்தால் சமாளிக்கிறது. மூவர் என்றால் பயிற்சியிலேயே தடுமாறுகிறது. கைப்பேசி பக்கத்தில் இருந்தால் எண்கள் தாவுகின்றன. அனுப்பும் நிலையில் 20 சென்டிமீட்டராவது, தேடும்போது 50 சென்டிமீட்டராவது தள்ளி வைக்க வேண்டும். கோடையில் பேட்டரிகளைக் கழற்றிவிடுகிறேன். கசிந்தால் உலோக முனைகள் அரித்துப்போகும்.

டிரான்சீவரை மட்டும் கட்டிக்கொண்டு துழாவுகோலும் மண்வாரியும் இல்லாமல் வருபவர்களோடு நான் போவதில்லை. பத்து நிமிடத்துக்குள் வெளியே எடுக்கப்படுபவர்களில் பத்துக்கு ஒன்பது பேர் பிழைக்கிறார்கள். அரை மணி நேரம் ஆனால் மூன்றில் ஒருவர்தான். அந்த நேரத்தில் பெரும்பகுதியை விழுங்குவது தேடல் அல்ல, தோண்டுவது. இறுகிய பனி சிமெண்ட் போல இருக்கும். பிளாஸ்டிக் மண்வாரி உடைந்துபோகும், அலுமினியம்தான் வேண்டும். துழாவுகோல் தட்டுப்பட்ட பிறகு அதைப் பிடுங்காமல், சரிவின் கீழ்ப்பக்கத்திலிருந்து தோண்ட வேண்டும்.

மலையேறும் முன் டாவோஸிலுள்ள எஸ்எல்எஃப் என்ற பனி, பனிச்சரிவு ஆய்வு நிறுவனத்தின் அறிக்கையை மாலை 5 மணிக்கும் காலை 8 மணிக்கும் பார்க்கிறேன். பனிச்சரிவு ஆபத்தைக் குறிக்கும் ஐந்து படிகளில் மூன்றாவது படியில்தான் உயிரிழப்பு அதிகம். நான்கு, ஐந்து என்றால் மக்கள் அதிகம் போவதில்லை. மூன்று என்றால் 30 பாகைக்கு மேல் சாய்ந்த சரிவுகளைத் தவிர்க்கிறேன்.

இந்தப் பருவத்துக்கு முன் மார்பு வாரை மட்டும் மாற்ற வேண்டும். ஒரு பக்கம் நூல் பிரியத் தொடங்கியிருக்கிறது.