டிக்கால் போகிறவர்கள் கவனத்துக்கு: வேனில் ஏறி டூர் விற்கிறவரிடம் பணம் கட்டாதீர்கள்

குவாத்தமாலாவில் டிக்கால் என்ற பழைய மாயா நகரத்தின் இடிபாடுகளைப் பார்க்கப் போகிறவர்கள் பெரும்பாலும் ஃபுளோரஸ் தீவில்தான் தங்குவார்கள். லான்கின் என்ற ஊரிலிருந்து அங்கே வந்து சேர எட்டு மணி நேரத்துக்கு மேல் ஆகும். எல்லோரும் சோர்ந்து கிடக்கும் அந்தக் கடைசிக் கட்டத்தில், தீவுப் பாலத்துக்கு முன்னால் சாந்தா எலெனாவில் வேன் நிற்கும். நல்ல ஆங்கிலம் பேசும் ஒருவர் கையில் வரைபடத்தோடு உள்ளே ஏறுவார். எங்கள் வேனிலும் ஏறினார்.

"தீவில் ஏடிஎம் எதுவும் வேலை செய்யவில்லை, இங்கேயே பணம் எடுத்துக்கொள்ளுங்கள். நாளை டிக்கால் வேனில் கொஞ்சம் இடம்தான் பாக்கி" என்றார். இரண்டுமே பொய். அதுவரை விரட்டிக்கொண்டு வந்த ஓட்டுநர் அவருடைய அலுவலக வாசலில் மட்டும் அவசரமே இல்லாமல் காத்திருந்தார். அதை வைத்தே புரிந்துகொள்ளலாம்.

விற்றது வேன், ஆங்கில வழிகாட்டி, நுழைவுச் சீட்டு, சூரிய உதயம் எல்லாம் சேர்ந்த பேக்கேஜ். பணம் கட்டியவர்களுக்கு வாசலில் நுழைவுச் சீட்டு இல்லை. வெளிநாட்டவருக்கு அது 150 கெட்சால் (குவாத்தமாலா நாணயம்). உதயத்துக்கு உள்ளே போக இன்னும் 100. ஆளுக்கு 250 மறுபடியும் கட்டினார்கள். வழிகாட்டிக்கு ஸ்பானிஷ் மட்டும்தான் தெரிந்தது. பக்கத்து நாடான பெலீஸுக்குப் போகச் சீட்டு வாங்கிய வேன் வரவே இல்லை. ரசீதில் இருந்தது ஒரு முதல் பெயரும் வாட்ஸ்அப் எண்ணும்தான். நிறுவனப் பெயர், முகவரி, வரி எண் எதுவும் இல்லாத அந்தத் தாளை வைத்துக்கொண்டு யாரிடம் போய்க் கேட்பது?

டூர் விற்கிறவர் ஏறியதும் ஸ்பானிஷில் "யா தெங்கோ ரெசெர்வா" என்று சொல்லிவிடுங்கள். ஏற்கெனவே பதிவு செய்துவிட்டேன் என்று அர்த்தம். பாலத்தைத் தாண்டத் துக்துக் (ஆட்டோ) கிடைக்கும், நடந்தும் போய்விடலாம். விடுதியில் பையை வைத்துவிட்டு இரண்டு மூன்று இடத்தில் விலை கேளுங்கள். வேனுக்கு மட்டும் தனியாகப் பணம் கொடுங்கள். நுழைவுச் சீட்டைப் பாஸ்போர்ட்டோடு நீங்களே வாங்குங்கள். வழிகாட்டியிடம் சுற்றுலாத் துறையான இங்குவாட் கொடுத்த அடையாள அட்டையைக் காட்டச் சொல்லுங்கள்.

உதய டூர் பற்றியும் சொல்ல வேண்டும். டிக்காலின் நான்காம் கோயில் சுமார் 65 மீட்டர் உயரம். விளம்பரப் படத்தில் அதன் உச்சியிலிருந்து செக்கச் செவேலென்று சூரியன் தெரியும். நிஜத்தில் பல நாள் காட்டின் மேல் வெறும் பனிமூட்டம்தான் இருக்கும், பணமும் திரும்பாது. குரங்குகளின் உறுமலைக் கேட்டுக்கொண்டு இருட்டில் காட்டு வழியே நடப்பது அருமையான அனுபவம். அது போதும் என்பவர்கள் மட்டும் கூடுதல் பணம் கொடுங்கள்.

ஏமாற்று டிக்காலோடு முடிவதில்லை. மலைநாட்டு ஊரான சிச்சிகாஸ்தெனாங்கோவில் சந்தை வியாழன், ஞாயிறு கூடும். அங்கே உய்பில் என்ற பெண்கள் மேலாடையைக் 'கைநெசவு' என்று சொல்லி விற்பதில் ஏமாற்று அதிகம். இடுப்பில் கட்டி நெய்யும் தறியில் ஒரு ஆளின் கைக்கு எட்டும் அகலம்தான் நெய்ய முடியும். அதனால் நல்ல உய்பில் பெரும்பாலும் இரண்டு மூன்று துண்டுகளை இணைத்துத் தைத்ததாக இருக்கும். திருப்பிப் பாருங்கள். அச்சடித்த துணியின் பின்பக்கம் வெளிறியிருக்கும். பூவேலை நெய்த துணியில் நூல்கள் முடிச்சும் இழுப்புமாகத் தெரியும். ஓரத்திலிருந்து ஒரு நூலைப் பிரித்துக் கொளுத்தினால் பருத்தி காகித வாசனையோடு சாம்பலாகும், அக்ரிலிக் உருகிக் கறுப்பு மணியாக இறுகும். நெய்தவரே விற்கிறார் என்றால் அடித்துப் பேரம் பேசாதீர்கள், ஒரு உய்பிலுக்கு மாதக்கணக்கில் உழைப்பு போகிறது.

ஆன்டிகுவா நகரில் ஜேட் என்ற பச்சைக் கல் வாங்குபவர்கள் சான்றிதழில் 'ஜேடைட்' என்று எழுதி வாங்குங்கள். மோதாகுவா பள்ளத்தாக்கிலிருந்து வரும் அசல் ஜேடைட்டில் எஃகுக் கத்தி கீறல் போடாது. அதேபோல் பச்சையாகத் தெரிகிற செர்பென்டைன் என்ற மென்மையான கல்லில் எளிதாகக் கீறும். தெருவில் 'மாயா காலத்துப் பழைய சிலை' என்று நீட்டினால் தொடவே வேண்டாம். போலியென்றால் காசு போச்சு, அசலென்றால் நாட்டை விட்டுக் கொண்டுபோவது குற்றம்.

ஏமாந்துவிட்டால் பயணிகள் உதவி அமைப்பான ப்ரோஆதூருக்கு 1500 என்ற எண்ணில் பேசுங்கள். பதிவு பெற்ற கடை என்றால் 'லிப்ரோ தெ கேஹாஸ்' என்ற புகார்ப் புத்தகம் வைத்திருக்க வேண்டும், அதைக் கேட்டு வாங்கி எழுதுங்கள். நுகர்வோர் அமைப்பான தியாகோவின் எண் 1544. ரசீது, வேனின் நம்பர் பிளேட் இரண்டையும் ஏறும்போதே படம் எடுத்து வைத்திருந்தால் புகாரில் சேர்க்கலாம்.