தங்கம் எடுக்கத் திறந்த குழியா, இறங்கு சுரங்கமா? குப்பம் பக்கத்துக் கணக்கு

திறந்த குழி எப்படி இருக்கும் என்று, ஆந்திராவில் தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிய எங்கள் குப்பம் ஊர்க்காரர்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. எங்கள் ஊர் எல்லையில் கைவிட்ட கிரானைட் குவாரி ஒன்று கிடக்கிறது. படிபடியாக அறுத்த சுவர், அடியில் பாசி பிடித்த தண்ணீர், வேலி கிடையாது. போன கோடையில் சித்தப்பாவின் ஆட்டுக்குட்டி உள்ளே விழுந்துவிட்டது. கயிறு கட்டி மேலே ஏற்ற அரை நாள் ஆனது. சுரங்கமும் எங்களுக்குப் புதிதில்லை. தாத்தா கோலார் தங்கவயலில் கூண்டில் இறங்கி வேலை பார்த்தவர்.

தங்கவயலுக்குத் தங்கம் தந்த பாறைப் பட்டை ஏறக்குறைய 80 கிலோமீட்டர் நீளம். அகலம் நான்கைந்து கிலோமீட்டர்கூட இருக்காது. அதன் தெற்கு வால் குப்பம் பக்கத்துச் சிகுருகுண்டா வழியாக இறங்கி, கிருஷ்ணகிரி பக்கம் போகிறது. அதனால் இங்கே எந்த டீக்கடையில் உட்கார்ந்தாலும் ‘குழியா, சுரங்கமா’ என்ற பேச்சு எப்போதாவது வந்துவிடும். குழிதான் மலிவு என்று ஒருவர் அடித்துச் சொல்வார். டன் ஒன்றுக்கு ஆகும் வெட்டுக்கூலியை மட்டும் பார்த்தால் அவர் சொல்வது சரி. ஆனால் நகைக்கடையில் நாம் டன் கணக்கில் வாங்குவதில்லையே!

பவுனில் கணக்குப் போடலாம். பேச்சுக்கு, குழியில் எடுக்கும் தாதுவில் டன்னுக்கு 2 கிராம் தங்கம் என்று வையுங்கள். ஒரு பவுனுக்கு, அதாவது 8 கிராமுக்கு, 4 டன் தாது வேண்டும். ஒவ்வொரு டன் தாதுவையும் எட்ட 5 டன் வெற்றுப்பாறையை அகற்ற வேண்டியிருந்தால் மொத்தம் 24 டன். ஒரு பவுனுக்கு ஒரு டிப்பர் லாரி நிறையக் கல். சுரங்கத்தில் டன்னுக்கு 5 கிராம் உள்ள தாதுவைத் தேடிப்போய் எடுத்தால் 1.6 டன் போதும். சுரங்கப் பாதை தோண்டிய கல் மட்டும் கூடுதல். அரைத்துச் சயனைடு கரைசலில் தங்கத்தைப் பிரிப்பது இரண்டிலும் ஒன்றுதான். ஆனால் 4 டன் அரைத்தால் 4 டன் கழிவுச் சேறு. அதை நிறுத்தி வைக்க அவ்வளவு பெரிய அணையும் வேண்டும்.

தங்கவயலின் சயனைடு மேடுகள் அப்படி மிஞ்சியவைதான். சுரங்கம் 2001 பிப்ரவரியில் மூடப்பட்டது; மேடுகள் இன்னும் நிற்கின்றன. சிறுவயதில் அத்தை வீட்டுக்குப் போனால், காற்றடிக்கும் நாளில் கொடியில் காயும் துணியை அத்தை ஓடிவந்து எடுப்பார். எடுத்து உதறினால் மாவு போலச் சாம்பல் நிறத் தூசு பறக்கும். ஆகவே சுரங்கம் சுத்தம், குழி அசுத்தம் என்று நான் வாதாட வரவில்லை. ஆழத்தில் பாறை வெடித்துச் செத்தவர்களும், நுரையீரலில் கல்தூசு படிந்து இருமியே போனவர்களும் எங்கள் உறவில் உண்டு. குழியில் அந்த ஆபத்துகள் குறைவு. அதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும்.

ஆனாலும் இந்த மண்ணுக்குக் குழி பொருந்தாது என்றே நினைக்கிறேன். கோலார் பட்டையில் தங்கம் பெரும்பாலும் மெல்லிய ரேகைகளாக, செங்குத்தாக இறங்குகிறது. குழியின் சுவரையோ சரிவாகத்தான் வெட்ட முடியும்; இல்லாவிட்டால் சரிந்துவிடும். இரு பக்கமும் 45 பாகைச் சரிவில் 100 மீட்டர் இறங்கினால் மேலே வாய் 200 மீட்டர் அகலம். ஆழம் இரட்டித்தால் வெட்ட வேண்டிய பாறை ஏறக்குறைய நான்கு மடங்கு. நிலம் போவது அங்கேதான். குழி நீர்மட்டத்துக்குக் கீழே போனதும் இரவு பகலாகத் தண்ணீர் இறைக்க வேண்டும். ஆயிரம் அடி போர்வெல் போட்டும் புகை வருகிற ஊரில் இது சின்ன விஷயமா? சுரங்கத்திலும் இறைப்பார்கள், உண்மைதான். ஆனால் அங்கே வெட்டிய வெற்றிடத்தைக் கழிவாலேயே திரும்ப அடைக்க வழி இருக்கிறது.

பழைய மேடுகளையே மறுபடி அலசித் தங்கம் எடுக்கலாம் என்பது மூன்றாவது யோசனை. தங்கவயலுக்குச் சரி, நமக்கு அவ்வளவு மேடு இல்லை.

அனுமதி விஷயத்தில் இரண்டுக்கும் படிக்கட்டு ஒன்றே. 2015 முதல் குத்தகை ஏலத்தில்தான், 50 ஆண்டுகளுக்கு. பிறகு சுரங்கத் திட்டம், மூடுதல் திட்டம், சுற்றுச்சூழல் அனுமதி. காட்டைத் தொட்டால் வன அனுமதி. மாநில எல்லைக்கு 5 கிலோமீட்டருக்குள் இருந்தால், மாநில அளவில் முடிந்திருக்க வேண்டிய திட்டமும் மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகத்தின் டெல்லிக் குழுவிடம் போகும். எல்லை ஊருக்கு இது நல்லதா கெட்டதா என்பது கோப்பைப் படிப்பவரைப் பொறுத்தது.

சுற்றுச்சூழல் அனுமதிக்கு முன் ஊர் மக்களிடம் நடத்தும் கருத்துக்கேட்புக் கூட்டத்துக்கு 30 நாள் முன்பே நாளிதழில் அறிவிப்பு வர வேண்டும். இங்கே அது தெலுங்கில் வரும். தமிழ் மட்டும் படிக்கிறவர்கள் பக்கத்து வீட்டில் கேட்டுக்கொள்ளுங்கள். இத்தனை பேர் வந்தால்தான் கூட்டம் என்ற கட்டாயம் கிடையாது. யாரும் போகாவிட்டாலும் நடந்து முடிந்துவிடும். எல்லைக்கு அந்தப் பக்கம் பாலாற்றங்கரையில் இருக்கும் வாணியம்பாடிக்காரர்கள் வர முடியாவிட்டால் கருத்தை எழுத்தில் அனுப்பலாம்.

நான் போனால் இரண்டே கேள்வி. ஒரு டன் தாதுவுக்கு எத்தனை டன் வெற்றுப்பாறை? இறைக்கும் தண்ணீரை எந்த ஓடையில் விடுவீர்கள், அது பாலாற்றில் சேருமா? கூட்டம் முடியும்போது நடவடிக்கைக் குறிப்பை வந்தவர்களுக்கு உள்ளூர் மொழியில் படித்து விளக்க வேண்டும் என்பது விதி. என் இரண்டு கேள்வியும் அதில் வருகிறதா என்று கேட்ட பிறகுதான் நாற்காலியை விட்டு எழுந்திருப்பேன்.