மகனின் பேச்சுப் பயிற்சி: தனியார் மையம், அரசு மையம், ஆன்லைன், மூன்றையும் பார்த்த பிறகு

என் மகனுக்கு இரண்டே கால் வயது ஆனபோது "ம்மா", "தா", "பூ" தவிர வேறு சொல் வரவில்லை. இப்போது எல்கேஜி படிக்கிறான். இடையில் ஒரு தனியார் தெரபி மையம், மாவட்ட அரசு மையம், கொஞ்ச காலம் ஆன்லைன் என்று மூன்றையும் பயன்படுத்திவிட்டோம். எது நல்லது என்று சொந்தக்காரர்கள் போன் செய்து கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள், அதனால் எழுதிவிடுகிறேன். நாங்கள் இருப்பது தஞ்சாவூர்ப் பக்கம். சென்னை, கோவை மாதிரி நாலு மையத்தை ஏறி இறங்கிப் பார்த்துத் தேர்ந்தெடுக்கும் வசதி இங்கே இல்லை.

தெரபிஸ்டைத் தேடும் முன் காதைப் பாருங்கள். "குக்கர் விசில் அடித்தால் திரும்பிப் பார்க்கிறானே, காதில் என்ன கோளாறு இருக்கப் போகிறது" என்பார்கள். பாத்திரம் விழுந்தால் திரும்பும் பிள்ளைக்கு ச, ஸ போன்ற மெல்லிய ஒலிகள் கேட்காமல் இருக்கலாம். ஓயாமல் சளி பிடிக்கும் பிள்ளைக்கு நடுக்காதில் நீர் கோத்து, கொஞ்ச காலம் மந்தமாகக் கேட்பதும் உண்டு. பெரா என்ற பரிசோதனையில் நெற்றியிலும் காதுக்குப் பின்னாலும் ஒயர் ஒட்டி, ஒலி கொடுத்து, நரம்பு வழியாக மூளைத்தண்டு வரை தகவல் போகிறதா என்று பார்ப்பார்கள். பிள்ளை தூங்க வேண்டும், அதுதான் பெரிய பாடு. முந்தின இரவு லேட்டாகத் தூங்கவைத்து, காலையில் சீக்கிரம் எழுப்பி, வழியில் கண் அசர விடாமல் கூட்டிப் போக வேண்டும். வெளியில் 2,000 ரூபாய் கேட்டார்கள், அரசு மருத்துவமனையில் இலவசமாகவே செய்தார்கள். எங்களுக்கு ரிசல்ட் நார்மல். குறை இருந்திருந்தாலும் சீக்கிரம் தெரிந்தால்தான் நல்லது. முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டத்தில் காக்ளியர் இம்ப்ளாண்ட், அதாவது உள்காதில் கேட்கும் கருவி பொருத்தும் அறுவை சிகிச்சை, ஆறு வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளுக்குத்தான்.

காத்திருக்கச் சொல்லும் குரல்களுக்குப் பஞ்சமே இல்லை. ஆம்பளைப் பிள்ளை லேட்டாத்தான் பேசும், அவங்க சித்தப்பா நாலு வயசுலதான் வாயைத் திறந்தான், வசம்பைச் சுட்டுத் தேனில் குழைத்து நாக்கில் தடவு. சீர்காழி பக்கத்தில் திருக்கோலக்கா கோயிலுக்கும் போனோம். சம்பந்தருக்குக் கிடைத்த பொற்றாளத்துக்கு ஓசை கொடுத்த அம்பாள் இருக்கும் இடம், பேச்சு வராத பிள்ளைகளுக்காக வேண்டிக்கொள்வார்கள். போனதில் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. கோயிலுக்குப் போவதும் ஆஸ்பத்திரிக்குப் போவதும் ஒன்றையொன்று தடுப்பதில்லை. ஆனால் பதினாறு மாதத்தில் ஒரு சொல்கூட இல்லை, இரண்டு வயதில் "அப்பா வா" மாதிரி இரண்டு சொல்லைச் சேர்க்கவில்லை என்றால் டாக்டரிடம் காட்டிவிடுங்கள். வந்த சொற்கள் போய்விட்டால் எந்த வயதானாலும் அந்த வாரமே போங்கள்.

முதலில் போனது தனியார் மையம். ஏசி, சுவரெல்லாம் படம், பந்துத் தொட்டி. ஒரு வகுப்புக்கு 500 ரூபாய், நேரம் முக்கால் மணி என்பார்கள், அரை மணிதான் நடக்கும். பணம் மாதப் பேக்கேஜாக முன்கூட்டியே. பேச்சுக்குப் போன எங்களுக்கு ஆக்குபேஷனல் தெரபி (அன்றாட வேலைகளுக்கான பயிற்சி), ஸ்பெஷல் எஜுகேஷன் (சிறப்புக் கல்வி) இரண்டையும் சேர்த்து எழுதினார்கள். எதற்கு என்று கேட்டால், "எல்லாக் குழந்தைகளுக்கும் அப்படித்தான் சார்." முதல் நாளே வரவேற்பு மேஜையில் வைத்து "ஆட்டிசம் மாதிரி தெரியுது" என்று சொல்லிவிட்டார்கள். என் மனைவி அன்றிரவு சாப்பிடவில்லை.

இதையெல்லாம்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். என்னால் ஏற்க முடியாதது அந்த மூடிய கதவு. "நீங்க உள்ள இருந்தா அழுவான் சார்" என்று வெளியே உட்காரவைத்தார்கள். முதல் சில வகுப்புகளுக்கு அதில் நியாயம் இருக்கலாம், மாதக்கணக்கில் அப்படியே என்றால்? முடிந்து வெளியே வரும்போது "குட் செஷன்" என்ற ஒரு வரிதான். உள்ளே அவன் ஆப்பிள் அட்டையைக் காட்டினால் "ஆப்பி" என்றான், வீடியோ எடுத்து அனுப்பினார்கள். வீட்டில் தட்டில் பழம் இருந்தால் என் கையைப் பிடித்து இழுத்துப் போய்க் காட்டினான். அட்டைக்குப் பேர் சொல்லப் பழகியிருந்தான், வேண்டியதைக் கேட்கப் பழகவில்லை.

அப்புறம் அரசு மையம். ஆரம்பகால இடையீட்டு மையம் என்று விசாரித்தால் ஆஸ்பத்திரியில் முழிப்பார்கள், டிஇஐசி என்றால் கை காட்டுவார்கள். ராஷ்ட்ரிய பால் ஸ்வாஸ்த்ய கார்யக்ரம் என்று 2013இல் மத்திய அரசு தொடங்கிய திட்டத்தில் வருவது. அதன் மருத்துவக் குழு அங்கன்வாடிக்கு ஆண்டுக்கு இருமுறை வந்து பிள்ளைகளைப் பார்த்து இங்கே அனுப்பும். நாங்கள் குழந்தைகள் நலப் பிரிவில் ஓபி சீட்டுப் போட்டு நேராகவே போனோம். குழந்தை மருத்துவர், பேச்சு மற்றும் செவித்திறன் நிபுணர், உளவியலாளர், பிசியோதெரபிஸ்ட் எல்லாரும் ஒரே இடத்தில். கட்டணம் கிடையாது. ஆட்டிசம் பயத்தையும் இங்கேதான் முறையாகப் பார்த்தார்கள். எங்களிடம் வரிசையாகக் கேள்வி கேட்டார்கள், அவனோடு தரையில் உட்கார்ந்து விளையாடினார்கள், மறுபடி வரச்சொல்லிப் பார்த்தார்கள். விரல் நீட்டிக் காட்டுகிறான், பொம்மையைக் கொண்டுவந்து நம் முகத்தைப் பார்க்கிறான், சொன்னது புரிகிறது, இது பேச்சுத் தாமதம் மட்டும்தான் என்றார்கள். ஒரு பார்வையில் சொல்லக்கூடிய விஷயம் இல்லை இது.

அறை சின்னது, கூட்டம், மின்விசிறி சத்தம். ஆனால் தெரபிஸ்ட் சொன்ன முதல் வாக்கியமே, "வீட்ல இவனோட ரொம்ப நேரம் இருக்கறது யாரோ அவங்க உள்ள வாங்க." அது என் அம்மா. அரை மணி நேரமும் அவனுக்கு இல்லை, அம்மாவுக்குத்தான் பயிற்சி. "பாட்டி, அவன் கேக்கறதுக்கு முன்னாடியே தண்ணி குடுத்துடறீங்க. சொம்பைக் கையில வச்சுக்கிட்டு கொஞ்ச நேரம் சும்மா இருங்க." அம்மாவுக்கு வந்ததே கோபம். "ஏம்மா, தவிச்ச வாய்க்குத் தண்ணி குடுக்காம உக்காந்திருக்கச் சொல்றியா?"

அங்கே கற்றுக்கொண்டவை ஒன்றும் மந்திரம் இல்லை. முறுக்கை அவனால் திறக்க முடியாத டப்பாவில், கண்ணுக்குத் தெரியும்படி வைப்பது. "பால் வேணுமா, பழம் வேணுமா" என்று இரண்டையும் காட்டிக் கேட்டுவிட்டு, மனசுக்குள் பத்து எண்ணும்வரை வாயை மூடிக்கொண்டிருப்பது. அவன் "பந்து" என்றால் நாம் "பெரிய பந்து" என்று ஒரு சொல் கூட்டித் திருப்பிச் சொல்வது. உள்ளங்கையில் பருப்புக் கடையும் விளையாட்டில், கடைசியில் கிச்சுக்கிச்சு மூட்டும் முன் நிறுத்திவிட்டு முகத்தைப் பார்ப்பது. "இன்னும்" என்ற சொல் அவனுக்கு அப்படித்தான் வந்தது. "சொல்லு, மாமாவுக்குச் சொல்லிக் காட்டு" என்று விரட்டக் கூடாது. இது விருந்தாளிகளுக்குப் புரியவைக்க முடியாத விஷயம்.

போனைப் பற்றியும் சொல்ல வேண்டும். இந்தியக் குழந்தை மருத்துவர்கள் சங்கத்தின் வழிகாட்டுதல், இரண்டு வயதுக்குள் திரையே வேண்டாம், இரண்டு முதல் ஐந்து வரை ஒரு மணிக்கு மேல் போகக் கூடாது என்கிறது. எங்கள் வீட்டில் மூன்று வேளைச் சோறும் யூடியூபில்தான் இறங்கிக்கொண்டிருந்தது. போனால்தான் பேச்சு வரவில்லை என்று அந்தத் தெரபிஸ்ட் சொல்லவில்லை. அது பதிலுக்குக் காத்திருக்காமல் பேசிக்கொண்டே போகும் என்றார், அவ்வளவுதான். இன்னொன்று: ப்ரீகேஜியில் ஒரு மிஸ் "வீட்லயும் இங்கிலீஷ்லயே பேசுங்க" என்றார். கேட்கவில்லை. இரண்டு மொழி காதில் விழுவதால் பேச்சு தாமதமாகாது, ஆனால் நமக்குச் சரளமாக வராத மொழியில் பிள்ளையோடு எவ்வளவு நேரம் வம்பளக்க முடியும்?

அரசு மையத்தில் குறை இல்லாமல் இல்லை. காலையில்தான் பார்ப்பார்கள், அதனால் எனக்குப் பாதி நாள் வேலை போகும். வேலை பார்ப்பவர்கள் பெரும்பாலும் ஒப்பந்தப் பணியாளர்கள். எங்கள் தெரபிஸ்ட் பேறுகால விடுப்பில் போனதும் அந்த இடம் காலியாகவே கிடந்தது. புதிதாக வந்தவர் ஆரம்பத்திலிருந்து கேள்வி கேட்டார். அம்மாவின் நோட்டு இல்லாவிட்டால் திண்டாடியிருப்போம். என்ன சொல்லிக்கொடுத்தார்கள், எந்தச் சொல் எப்போது வந்தது என்று எழுதி வைத்திருந்தார்.

அந்த இடைவெளியில்தான் ஆன்லைன், வகுப்புக்கு 400 ரூபாய். திரைக்கு முன் அவன் உட்காரவே இல்லை. இரண்டாவது வகுப்பிலேயே அந்தத் தெரபிஸ்ட், "அவனை விடுங்க, ராத்திரி சாப்பாட்டு நேரத்தை வீடியோ எடுத்து அனுப்புங்க" என்றார். அதை ஓட்டிப் பார்த்து, எங்கே நான் அவசரப்பட்டேன், எங்கே அவன் சொல்ல வாயெடுத்தபோது குறுக்கே பேசினேன் என்று காட்டினார். சின்னப் பிள்ளைக்கு நேரடி வகுப்பாக ஆன்லைன் எடுபடாது, பெற்றோருக்குப் பயிற்சியாக நன்றாகவே எடுபடும்.

எங்கே போனாலும் இரண்டு விஷயம் கேளுங்கள். ஒன்று, தெரபிஸ்டின் இந்திய மறுவாழ்வுக் கவுன்சில் பதிவு எண். பேச்சு, செவித்திறன் துறைக்கான பிஏஎஸ்எல்பி என்ற நான்காண்டுப் பட்டப்படிப்பு படித்தவர்கள் தயங்காமல் தருவார்கள். குறுகிய காலச் சான்றிதழை வைத்துக்கொண்டு போர்டு மாட்டியவர்கள்தான் பேச்சை மாற்றுவார்கள். இரண்டாவது, நான் உள்ளே உட்காரலாமா. சென்னையில் காது கேளாத சின்னப் பிள்ளைகளுக்காக 1969இல் தொடங்கிய பால வித்யாலயாவில் அம்மாவும் பிள்ளையோடு வகுப்பில் உட்கார வேண்டும். இது புதுமையான கோரிக்கை ஒன்றும் இல்லை. சென்னைக்காரர்களுக்கு முட்டுக்காட்டில் மத்திய அரசின் பல்வகைக் குறைபாடுடையோர் தேசிய நிறுவனமும் இருக்கிறது.

மகன் இப்போது முழு வாக்கியமாகப் பேசுகிறான். பள்ளியில் நடந்ததை வரிசையாகச் சொல்வதில் தடுமாற்றம் உண்டு. "ர" இன்னும் "ல"தான், அது பல பிள்ளைகளுக்குத் தாமதமாக வரும் எழுத்து, இப்போதைக்கு விடுங்கள் என்றிருக்கிறார்கள். அரசு மையத்துக்கு மாதம் ஒரு தடவை போனால் போதும். அடுத்த தடவைக்கு, படம் பார்த்துக் கதை சொல்லும் பயிற்சியை அம்மா செய்துகொண்டு போக வேண்டும்.