இஸ்திரி போட்ட கழுகுக்கு 575 டாலர்

பழைய அமெரிக்க டாலர் நோட்டு வாங்கும் யோசனையில் யாராவது இருந்தால் இதைப் படித்துவிட்டு வாங்குங்கள். ஒரே நோட்டில் எனக்கு நானூற்றுச் சொச்சம் டாலர் போயிற்று. போன பணத்தைவிட, கண் எதிரே இருந்ததைப் பார்க்காமல் விட்டேனே என்பதுதான் இன்னும் உறுத்துகிறது.

நியூ ஜெர்சியில் பன்னிரண்டு வருடமாக இருக்கிறேன். சின்ன வயதில் தீப்பெட்டிப் படம், அப்புறம் ஓட்டைக் காலணா என்று சேர்த்த பழக்கம் இங்கே வந்து நோட்டில் நின்றது. சிவப்பு சீல் (நோட்டில் இருக்கும் கருவூல முத்திரை) இரண்டு டாலர், நீல சீல் ஒரு டாலர் என்று ஐந்துக்கும் பத்துக்கும் வாங்கிக்கொண்டிருந்தவரை வம்பில்லை. பிளாக் ஈகிள் மேல் ஆசை வந்தது, வினையும் கூடவே வந்தது.

1899 வரிசை ஒரு டாலர் சில்வர் சர்டிபிகேட்டுக்குத்தான், அதாவது கொடுத்து வெள்ளி வாங்கிக்கொள்ளலாம் என்று அந்தக் காலத்தில் வெளியிட்ட நோட்டுக்குத்தான், அந்தப் பெயர். 1929இல் நோட்டுகளைச் சிறிதாக்குவதற்கு முன் வந்தது என்பதால் இன்றைய டாலரைவிட நன்றாகவே பெரியது. நடுவில் சிறகு விரித்த கழுகு, பின்னால் கேப்பிட்டல் கட்டடம், கீழே சின்னதாக லிங்கனும் கிராண்ட்டும். அந்த நாட்டில் அச்சான அழகான நோட்டுகளில் ஒன்று என்று இப்போதும் சொல்வேன். என் கோபம் கழுகின் மேல் இல்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, நெடுஞ்சாலை ஓரத்து ஹோட்டல் ஹாலில் காயின் ஷோ. கடைசி வரிசை மேசை ஒன்றில், கெட்டி பிளாஸ்டிக் உறைக்குள் கழுகு உட்கார்ந்திருந்தது. லேபிளில் ஏதோ ஒரு கிரேடிங் நிறுவனத்தின் (நோட்டின் தரத்துக்கு எண் போடும் நிறுவனம்) பெயரும் 64 என்ற எண்ணும் போட்டிருந்தது. நோட்டின் தரத்துக்கு மேல்வரம்பு 70. 64 என்றால் புழக்கத்துக்கே போகாத நோட்டு. ஒரு மடிப்பு இல்லை. காகிதம் வெள்ளை வெளேர் என்று இருந்தது. வெளுத்ததெல்லாம் பால் என்று நம்புகிற ஆளைத் தேடித்தான் அந்த மனிதர் அங்கே உட்கார்ந்திருந்தார் போல.

எழுநூறு கேட்டார். "நூற்றிருபது வருடத்துக்கு மேல் பழசு" என்றார். "வெள்ளிக்கு ஈடாகக் கொடுத்த நோட்டு, வெள்ளி விலை ஏற ஏற இதுவும் ஏறும்" என்றார். பேரம் பேசி 575க்கு முடித்தேன். இறக்கிவிட்டேன் என்ற பெருமை வேறு! கிளம்பும்போது இன்னொரு நோட்டையும் பதினைந்து டாலருக்குத் தலையில் கட்டினார். 1963பி வரிசை ஒரு டாலர், ஜோசப் பார் என்ற நிதியமைச்சரின் கையெழுத்து. "இந்த மனிதர் பதவியில் இருந்ததே ஒரு மாதம். எத்தனை நோட்டு அச்சாகியிருக்கும், யோசித்துப் பாருங்கள்" என்றார். நானும் யோசித்துப் பார்த்துத்தான் வாங்கினேன்.

மூன்று வாரம் கழித்து உள்ளூர் காயின் கிளப்புக்கு எடுத்துப் போனேன். அங்கே ஓய்வுபெற்ற தபால்காரர் ஒருவர் உண்டு, நாற்பது வருடமாக நோட்டு சேர்ப்பவர். முதலில் லேபிளைப் பார்த்தார். "யார் இவர்கள்?" என்றார். எனக்கும் தெரியவில்லை. பெரிய கிரேடிங் நிறுவனங்களின் உறையில் இருக்கும் சான்று எண்ணை இணையத்தில் போட்டால் நோட்டின் விவரம் வரும். இதைத் தேடிப் பார்த்ததில் அப்படி ஒரு நிறுவனம் இருப்பதற்கான சுவடே இல்லை. பிளாஸ்டிக் உறையும் லேபிள் பிரிண்டரும் யார் வேண்டுமானாலும் வாங்கலாம் என்பது அன்றைக்குத்தான் உறைத்தது.

உறையை வெட்டி நோட்டை வெளியே எடுத்தோம். ஒரு சின்ன டார்ச்சை மேசையோடு மேசையாகப் படுக்கவைத்து, பக்கவாட்டில் வெளிச்சம் விழும்படி செய்தார். "திருப்பிப் பின்பக்கம் பாருங்கள், மேடு எங்கே?" என்றார். சீரியல் நம்பரும் சீலும் அழுந்தி விழுவதால், கைபடாத நோட்டில் அவற்றின் தடம் பின்பக்கம் லேசாகப் புடைத்துத் தெரியுமாம். என் நோட்டு கண்ணாடி போலத் தட்டையாக இருந்தது. பிறகு அதை ஜன்னலுக்கு நேராகத் தூக்கிப் பிடித்தார். நடுவே நெட்டாக ஒரு கோடு, இரண்டு பக்கமும் இன்னும் இரண்டு, குறுக்கே ஒன்று. கோடு போன இடத்தில் எல்லாம் கழுகின் இறகில் மை உதிர்ந்து பொடிப் பொடியாக வெள்ளை. யாரோ பல மாதம் பர்ஸில் வைத்திருந்த நோட்டு. அலசி, ஈரத்தோடு அழுத்தி, மடிப்பை எடுத்திருக்கிறார்கள். மடிப்பை எடுக்கலாம், மடிப்பில் உதிர்ந்த மையைத் திரும்ப ஒட்டவைக்க முடியாது.

அமெரிக்க நோட்டு மரக்கூழில் செய்ததல்ல. துணி போன்ற நார்க் காகிதம். அதனால்தான் சலவையைத் தாங்குகிறது. அன்றிரவு பாத்ரூம் கதவைச் சாத்தி, விளக்கை அணைத்து, புற ஊதா டார்ச் அடித்துப் பார்த்தேன். அந்தக் காலத்து நோட்டு மங்கலாகத் தெரியவேண்டும். என்னுடையது சலவை செய்த வேட்டி போல நீலமாகப் பளிச்சென்றது, துணிசோப்பில் இருக்கும் பளபளப்புச் சரக்கின் வேலை. (வெறும் தண்ணீரில் அலசியிருந்தால் இப்படி மின்னாது. மின்னாததால் நல்ல நோட்டு என்று முடிவு கட்டிவிடாதீர்கள்.) வெளியே வந்து மனைவியிடம் சொன்னேன். "ஏங்க, நம்ம தெருமுனை இஸ்திரிக்காரர் இதையே பத்து ரூபாய்க்குப் பண்ணியிருப்பாரே" என்றாள்.

மனம் கேட்காமல் செலவு செய்து, பெயருள்ள ஒரு நிறுவனத்துக்கு அனுப்பினேன். 64 அங்கே 30 ஆயிற்று, கழுவி அழுத்தப்பட்டது என்ற குறிப்போடு. அதை அப்படியே வைத்து நான் கேட்ட இரண்டு டீலர்களில் ஒருவர் 110 டாலர் தர முன்வந்தார், மற்றவர் 90.

வயதைப் பற்றி அந்த ஆள் சொன்னதும் பாதிப் பொய். 1899 என்பது வடிவமைப்பின் வருடம், அச்சான வருடம் அல்ல. அதே தகட்டு வடிவத்தை இருபது வருடத்துக்கு மேல் ஓட்டினார்கள். எப்போது அச்சானது என்று கையெழுத்துத்தான் சொல்லும், நம் ரூபாய் நோட்டில் கவர்னர் கையெழுத்தைப் பார்ப்பது போல. என் நோட்டில் இருப்பவை ஸ்பீல்மேன், ஒயிட் என்ற இரண்டு கருவூல அதிகாரிகளின் கையெழுத்து. ஸ்பீல்மேன் பதவிக்கு வந்ததே 1922இல். இந்த வரிசையில் சுலபமாகக் கிடைக்கும் ஜோடியும் இதுதான். வெள்ளிக் கதை சுத்தப் புளுகு: நோட்டைக் கொடுத்து வெள்ளி வாங்கும் வசதி 1968 ஜூன் 24ஆம் தேதியோடு முடிந்துவிட்டது. இன்று கருவூலத்திடம் அதன் மதிப்பு ஒரு டாலர், அவ்வளவுதான். அந்த ஒரு டாலர் மட்டும் நிச்சயம் உண்டு. 2016 நவம்பரில் நாம் வரிசையில் நின்றது போல இங்கே நிற்க வேண்டியதில்லை. 1861 முதல் அமெரிக்க அரசு வெளியிட்ட நோட்டு எதுவும் செல்லாததாகவில்லை.

பார் நோட்டு? அவர் 1968 டிசம்பர் 21 முதல் 1969 ஜனவரி 20 வரைதான் அமைச்சர், அது உண்மை. ஆனால் அவர் போன பிறகும் அதே கையெழுத்தோடு அச்சடித்துக்கொண்டே இருந்தார்கள். 40 கோடிக்கும் மேல். போதாததற்கு அன்றைக்கே ஜனங்கள் அபூர்வம் என்று நினைத்துக் கட்டுக்கட்டாகப் பதுக்கிவைத்தார்கள். பதுக்கியது எல்லாம் இன்னும் இருக்கிறது.

குடும்ப வாட்ஸ்அப் குழுக்களில் 1957 நீல சீல் நோட்டைப் படமெடுத்துப் போட்டு "இது லட்சக்கணக்கில் போகுமாமே" என்று கேட்பவர்களுக்கும் ஒரு வார்த்தை: புழங்கிய நோட்டு என்றால் இரண்டு மூன்று டாலர், அவ்வளவுதான். சீரியல் எண்ணோடு நட்சத்திரம் இருந்தால் கொஞ்சம் கூட வரலாம். விற்பவர் எழுதிப்போடும் விலையைப் பார்க்காதீர்கள், யாரும் எதையும் எழுதலாம். பெரிய ஏல நிறுவனங்கள் விற்று முடிந்த விலையைத் தேதியோடு வைத்திருக்கின்றன. அதே வரிசை, அதே கையெழுத்து, அதே தரம் எவ்வளவுக்குப் போனது என்று தேடுங்கள். நான் ஹோட்டல் வாசலில் நின்று ஐந்து நிமிடம் செலவழித்திருந்தால், ஸ்பீல்மேன்-ஒயிட் ஜோடிக்குப் புழங்கிய தரத்தில் என்ன விலை, புழங்காத தரத்தில் என்ன விலை என்று தெரிந்திருக்கும்.

அடுத்த மாதம் அதே ஷோவுக்குப் போனேன். அவரைக் காணோம். அந்த மேசையில் வேறொருவர் பழைய தபால்தலை விற்றுக்கொண்டிருந்தார். என் ரசீதில் இருந்தது கிறுக்கலாக ஒரு தொகையும் "விற்றது திரும்பப் பெறப்படாது" என்ற ரப்பர் ஸ்டாம்பும்தான். கையில் ரொக்கமாகக் கொடுத்ததால் கார்டு கம்பெனியிடம் போய் முறையிடவும் வழியில்லை.

கழுகை விற்கவில்லை, மேசைக் கண்ணாடிக்கு அடியில் வைத்திருக்கிறேன். பார் நோட்டைப் போன வாரம் காப்பிக் கடையில் கொடுத்தேன். கல்லாவில் இருந்த பெண் கையெழுத்தைப் பார்க்கவில்லை, டிராயரில் போட்டுவிட்டு இருபத்தைந்து சென்ட் மீதி கொடுத்தாள்.